மழையில் திறந்த தலை

வேனை நிறுத்தியதும் ஆல்வின் டாகெட் முதலில் செய்வது, மழைச்சட்டையின் தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது. வெளியே ஊசியாய்க் குத்தும் அக்டோபர் மழை. புத்தகப் பைக்கு இரட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று, தலைக்கு ஒன்றுமில்லை. தலையை மூடிய கறுப்பு ஆள் ஒருவர் வெள்ளைக்காரர் வாசலை நோக்கி நடந்தால், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து இந்தத் தெருவில் ஜன்னல்கள் என்ன நினைக்கும் என்பது அவருக்குத் தெரியும். நூலக அடையாள அட்டையைச் சட்டைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பாதி வழியிலேயே சத்தம் கொடுக்கிறார்.

"லைப்ரரிங்க! புத்தகம் வந்திருக்குங்க!"

ஆறடி தாண்டிய ஆள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் அடிக்குரல் எடுத்தால் பெஞ்சு அதிரும். அந்தக் குரலை இந்த மேப்பிள் தெருவில் பாதியாக மெலித்துக்கொள்கிறார். சில நாள் வீடு திரும்பிய பிறகும் அது பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. மனைவி வெர்னெட்டா விடமாட்டார்.

"யாருய்யா அது, என் வீட்ல கீச்சுக் குரல்ல பேசுறது? என் புருஷன எங்க விட்டுட்டு வந்த?"

"மேப்பிள் தெருவுலயே நிக்கிறான். அடுத்த வியாழக்கிழமை கூட்டியாறேன்."

இருவரும் சிரிப்பார்கள். சிரிப்பு இருமலில் முடியும்போது அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவருவார். வெர்னெட்டாவின் புற்றுநோய்க்கான ஊசிகள் அவருடைய வேலையோடு வரும் காப்பீட்டில்தான் நடக்கின்றன.

பக்கத்து ஊரில் ஒரு கறுப்புப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற கோடையில், இந்தத் தெருக்காரர்கள் வாசிப்பு வட்டம் தொடங்கினார்கள். இனவெறி பற்றி, வெள்ளைத் தோலுக்கு ஊர் கேட்காமலே கொடுக்கும் சலுகை பற்றி, ஒடுக்கப்பட்டவரோடு சேர்ந்து நிற்பது பற்றி என்று வாரந்தோறும் புத்தகம் கேட்டார்கள். புல்வெளிகளில் பலகைகளும் நட்டார்கள். லினெட் ஹேல் வீட்டுப் பலகையில் 'எல்லோருக்கும் இங்கே வரவேற்பு' என்றிருக்கும்.

போன வசந்தத்தில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் போலீஸார் ஆல்வினை மண்டியிட வைத்தார்கள். ஒருவன் வீடு வீடாக நோட்டம் பார்க்கிறான் என்று எதிர்வீட்டிலிருந்து போன் போயிருந்தது. பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். ஈரப் புல்லில் விழுந்தவற்றில் லினெட் கேட்டு வரவழைத்த புத்தகமும் கிடந்தது; ஒடுக்கப்பட்டவர் பக்கத்தில் நிற்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். லினெட் ஜன்னலில் நின்றார். ஆல்வின் நிமிர்ந்து பார்த்தார். திரை மூடிக்கொண்டது.

போலீஸ் வண்டி போன பிறகு லினெட் துண்டோடு ஓடிவந்தார். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, ஆல்வின்."

"பரவாயில்லீங்க மேடம்," என்றார் ஆல்வின், அந்த மெல்லிய குரலில்.

வேறு தெரு கேட்டுப் பார்த்தார். நூலக மேலாளர் கெட்டவர் அல்ல. "அந்தத் தெருவுலதான் ஆல்வின் நம்ம புத்தகம் அதிகமாப் போகுது. வேன் வேணாம்னா குடுக்க வேற வேலையும் இல்ல. ஒண்ணு பண்ணுங்க, லினெட்டம்மா அவங்க வட்டத்துக்குக் கூப்பிட்டா ஒருவாட்டி போய்ப் பேசிட்டு வந்துடுங்க. நம்ம லைப்ரரி நிர்வாகக் குழுவுல இருக்கறவங்க. மனசு கோணிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் மற்ற வீடுகளில் வாசல்வரை போகிறார். லினெட் வீட்டில் மட்டும் நடைபாதை ஓரத்தோடு நின்றுவிடுகிறார்.

இன்று லினெட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே காபி வாசனை, நாற்காலிகள் நகரும் ஓசை.

"உள்ள வாங்க ஆல்வின். எல்லாரும் உங்களுக்காகத்தான் உக்காந்திருக்காங்க. அன்னிக்கு நடந்தத உங்க வாயால கேக்கணுமாம்."

"நடந்தப்ப நீங்களும் இருந்தீங்களே, மேடம். நீங்களே சொல்லுங்க."

குரல் மெலியவில்லை. உள்ளே நாற்காலிச் சத்தம் நின்றது.

"அது... நான் சொன்னா நல்லாருக்காது."

"ஆமாங்க."

"நனையறீங்களே. வாசல் வரைக்குமாவது வாங்க. பைய யார்கிட்ட குடுக்கப்போறீங்க?"

ஆல்வின் குனிந்து, வரவேற்புப் பலகையின் கம்பியில் பையை மாட்டினார். பாரம் தாங்காமல் பலகை ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை. நனைந்த தலையோடு திரும்பி நின்று, வெறுங்கைகள் இரண்டையும் விரித்து எதிர்வீட்டு ஜன்னலுக்குக் காட்டினார்.