சுவர் வழியாக வந்த அரிசித் தண்ணீர்

இன்று காலை ஆறே முக்காலுக்கு மொட்டைமாடியில் இந்த வருடத்தின் முதல் கத்திரிக்காயைப் பறித்தேன். பறிக்கும்போது காம்பிலிருந்த முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. முள்ளை எடுக்க சுமதி ஊக்கு தேடப் போன இடைவெளியில் காயை அளந்துவிட்டேன். நீளம் நான்கு விரற்கடை. சிரிக்க வேண்டாம். அளப்பதும் எழுதி வைப்பதும் என் பழக்கம். அதைப் பார்த்துச் சிரிப்பது என் மனைவி சுமதியின் பழக்கம். இரண்டுக்கும் ஒரே வயது.

இலவம்பாடி முள்ளுக்கத்திரியைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வெளியே முள், வெந்தால் வெண்ணெய். எனக்கும் முள்ளுக்கும் பழைய தொடர்பு உண்டு. கல்யாணமான புதிதில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஆடு புதரில் மேயும்போது அதன் தோலில் முள் கீறும். பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்ட பிறகும் அந்தக் கீறல் பல்லிளிக்கும். காலை எட்டரையிலிருந்து வெளிச்சத்தில் தோலை விரித்து, கீறலைத் தேடி, சாக்கட்டியால் வட்டம் போடுவேன். முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் தோல் வாசனை, விரலில் சாக்கட்டி.

சுமதி ஆற்காட்டுக்குப் பக்கத்தில் கலவை என்ற ஊர்க்காரி. ஏரிப் பாசனம், வீட்டைச் சுற்றி அவரை, பாகல், கத்திரி என்று வளர்ந்தவள். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் கிணற்றுத் தண்ணீர் அப்படியே உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை வரும். அது குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். வந்த முதல் மாதம் அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்று கருகியது. இரண்டாம் மாதம் கீரை முளைக்கவே இல்லை. மூன்றாம் மாதம் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்.

"கறிவேப்பிலை கூட காசு குடுத்து வாங்குற ஊர்ல என்னால இருக்க முடியாதுங்க. தை மாசத்துக்குள்ள நம்ம கொல்லையில ஒரு காய் காய்ச்சா இருக்கேன். இல்லன்னா நான் கலவையில இருக்கேன், நீங்க ஞாயித்துக்கெழமைல வந்துட்டுப் போங்க."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிரவே டைரியில் தோட்டத்துக்கென்று தனிப்பக்கம் போட்டேன். தேதி, செடி, தண்ணீர் என்று மூன்று கட்டங்கள்.

அவள் அம்மா வீட்டுக் கத்திரி விதையில் பதினான்கு நாற்று தேறியது. அடுத்தது என் பங்கு. கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரன் டேவிட்டிடம் உரத்துக்கு யோசனை கேட்டேன்.

"தோல் ஷாப்ல ஆட்டு முடி குவிஞ்சி கெடக்குது தோஸ்த். போட்டுப் பாரு, செடி சும்மா எகிறும்" என்றான்.

உண்மைதான், முடி நல்ல உரம். ஆனால் பதனிடும் இடத்தில், தோலிலிருந்து முடி கழல வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்புத் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அந்த முடியைச் சுண்ணாம்பு போகப் பலமுறை அலசி, மாதக்கணக்கில் மக்கவைக்க வேண்டும். தினமும் தோலைத் தடவிப் பிழைக்கிற எனக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பை நிறைய வாங்கி வந்து, செடிக்கு இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து சரியாக நான்கு விரல் தள்ளி, வட்டமாகப் போட்டேன். இவ்வளவு ஒழுங்காக யாரும் செடியைக் கொன்றிருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் இலை ஓரங்கள் வெந்தன. டைரியில் இருக்கிறது: "கத்திரி பதினான்கு. சாவு எட்டு. காரணம்: நான்." மீதி ஆறு பிழைத்ததற்கு என் புத்தி காரணமில்லை. எட்டாவது செடியோடு பை காலியாகிவிட்டது. மறுநாள் இன்னொரு பை கொண்டுவருவதாக இருந்தேன்.

கிழக்குப் பக்கம் இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் நூர் ஆபா வீடு. அக்காவை அவர்கள் வீட்டில் ஆபா என்பார்கள். அவர் கணவர் பிரியாணி மாஸ்டர், வீட்டிலேயே ஆர்டருக்குச் சமைத்து அனுப்புவார். ஆபா சுவரில் முழங்கையை ஊன்றி என் சாகுபடியைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, செடிக்கு முடி போட்டியாமே? அது இன்னா வழுக்கையாவா இருந்துச்சு?"

வழக்கமாக இதற்கெல்லாம் சுமதிதான் முதலில் சிரிப்பாள். அன்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் பையோடு நின்றாள். "ஊருக்குப் போய்ட்டு வர்றேன். ரெண்டு நாள்" என்றாள். அந்த ஆறு செடியைக் காட்டி, "இதுங்களுக்கு ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். கெஞ்சுவது போல இருந்தது.

இரண்டு நாள் நான்காயிற்று. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. ஐந்தாம் நாள் குடிதண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றிவிட்டு நான் பாதிக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஆபா பார்த்துவிட்டார்.

"குடிக்கிற தண்ணிய ஊத்திட்டு நீ இன்னா பண்ணுவ? ஏன் இவ்ளோ பேஜார்? பிரியாணிக்கு அரிசி ஊறவெக்கிறது லாரில வாங்குற நல்ல தண்ணிலதான். உப்புத் தண்ணில ஊறுனா சோறு கெட்டுப்போவும். தெனம் ரெண்டு அண்டா தண்ணிய சும்மா சாக்கடைல வுடுறோம். கம்மியா வேணுமா, ஜாஸ்தியா வேணுமா?"

அன்று பகல் பதினோரு மணிக்கு முதல் குடம் சுவர் தாண்டி வந்தது. சீரகச்சம்பா ஊறிய தண்ணீர். பால் நிறம், வாசனை அதைவிட நன்றாக இருக்கும். லீவு போட்டுக்கொண்டு நின்று, செடிக்கு இரண்டு செம்பு வீதம் ஊற்றினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியும். மறுநாள் முதல் நான் வேலைக்குப் போனபிறகு ஆபாவே சுவரோரமாகக் குடத்தை வைத்துவிடுவார், நான் சாயங்காலம் வந்து ஊற்றுவேன். டைரியில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: "சுவர் வழி".

ஒன்பதாம் நாள், ஞாயிறு, ஒரு செடியில் ஊதாவாக ஒரு பூ இருந்தது. காட்ட ஆளில்லை. அதை வெறித்தபடி உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. சுமதி இறங்கினாள். பின்னால் ஒரு மூட்டையை ஆட்டோக்காரர் முனகிக்கொண்டே இறக்கினார்.

"ஏரி ஓரத்துல தண்ணி எறங்கி வண்டல் எடுக்க ஒன்பது நாள் ஆயிடுச்சு" என்றாள். "ஆற்காடு, வேலூர், இங்க. மூணு பஸ்ஸு. எல்லா கண்டக்டரும் ஒரே திட்டு. பொணமாம்மா இருக்குது உள்ளன்றான் ஒருத்தன்."

"நீ வரமாட்டியோன்னு..."

"மண்ணு எடுக்கப் போனவ அதை எங்க கொண்டுபோய் போடுவேன்?" என்றவள் பூவைப் பார்த்துவிட்டாள். மூட்டையைத் தாண்டி ஓடினாள்.

தை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது நான்கு காய் பறித்தோம். திண்டில் வரிசையாக வைத்து முதல் தரம், இரண்டாம் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். சுமதி நான்கையும் அள்ளித் தட்டில் போட்டுச் சுவரைத் தாண்டி நீட்டிவிட்டாள்.

"முதல் காய் நம்ம வீட்ல வேக வேணாமா?" என்றேன்.

"தண்ணி அவங்களுது."

மத்தியானம் தட்டு திரும்பி வந்தது. ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் அதே நான்கு காயில் செய்த கத்திரிக்காய் தொக்கு. மூன்று காய்தான் எங்களுக்கு, ஒன்றை ருசி பார்த்துவிட்டதாக ஆபா ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு சுமதி கலவையில் குடியிருப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்தோம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனபோது அந்தத் தெரு வழியாக நடந்தோம். கொல்லை முழுவதும் சிமெண்ட், அதில் நான்கு பைக். கிழக்குச் சுவரை ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஆபாவும் மாஸ்டரும் பெங்களூரில் மகளோடு இருக்கிறார்கள். பெருநாளன்று போனில், "தம்பி, செடிக்கு முடி வளந்துச்சா?" என்று தவறாமல் கேட்பார்.

இப்போது வேலூரில் இரண்டாம் மாடி. குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர். மொட்டைமாடியில் பன்னிரண்டு பை. முள்ளை எடுத்தபிறகு டைரியில் எழுதினேன்: முள்ளுக்கத்திரி, ஒன்று. தண்ணீர், குழாய். நான்காவது கட்டத்தில் பேனா நின்றது.

"அந்தக் கட்டத்த இன்னும் இன்னாத்துக்குப் போடுறீங்க?" என்றாள் சுமதி. பிறகு காயைக் கையில் உருட்டிப் பார்த்தாள். "ஒத்தக் காய வெச்சி நாம இன்னா பண்றது? எதிர் வீட்ல குடுத்துடலாம். அந்தம்மா பேரு இன்னாங்க?"

அவர்கள் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. குடிவந்த தேதி, லாரி வந்த நேரம் எல்லாம் டைரியில் இருக்கிறது. பெயரைத் தேடிப் புரட்டினேன், ஆறு டைரியிலும் இல்லை.