இரண்டு பக்கத்து டானிக்

என் கணவரின் அக்கா டயட்டீஷியன். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. யார் எதைச் சாப்பிட வேண்டும், தினமும் எத்தனை அடி நடக்க வேண்டும், பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்வதற்கு அவளுக்கு மாதச் சம்பளம் உண்டு. சம்பளம் இல்லாமலும் சொல்வாள். நேரில் நான் அவளை மைனி என்றுதான் கூப்பிடுகிறேன். மரியாதை கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. எழுதும்போதாவது அவள் இவள் என்று எழுதிக்கொள்கிறேனே.

கேரளத்துக் கொல்லயில் ஊரில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே விளையில், ஒரே தோப்பில்தான், நடுவில் நாலு தென்னை. காலை ஐந்தே முக்காலுக்கு என் வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னும் எழும்பலியா? பிள்ளை பெத்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. இந்த வயிறு எப்பம் குறையும்?"

ரப்பர் வெட்டப் போகிற ஆட்களுக்கெல்லாம் என் வயிற்றின் நிலவரம் தெரியும். எங்கள் சர்ச் சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு சானல் என்கிற கால்வாய்க் கரையில் நடை. அவள் முன்னால் போவாள், கையில் அடி எண்ணுகிற வாட்ச். நான் மூச்சு வாங்க நின்றால் திரும்பி வந்து என் மேல்கையைப் பிடித்துக் கிள்ளிப் பார்ப்பாள். "இது முச்சூடும் மரச்சீனியாக்கும்" என்பாள். அத்தனையும் மரவள்ளிக்கிழங்கு தின்று வந்த சதையாம். சந்தையில் ஆடு வாங்குகிறவன்கூட இத்தனை பேர் முன்னால் இப்படிப் பிடித்துப் பார்க்கமாட்டான்.

என் உடம்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் ஒல்லி. என் அம்மா வீட்டுப் பக்கம் எல்லோருமே சிறுவயதில் ஒல்லிதான். ஆனால் ஓட்டம் நிற்காது. கோழியைத் துரத்திக்கொண்டு விளை முழுக்க ஓடுவாள். மைனிக்கு ஓட்டம் கணக்கில்லை, எடைதான் கணக்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை தன் வீட்டு முன்னறையில் உள்ள எடை மெஷினில் பிள்ளையை ஏற்றி நிறுத்தி, போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். கீழே ஒரு வரி: "வயதுக்கேற்ற எடை இல்லை. தாய் கவனிக்க வேண்டும்." அதற்கு என் கணவர் கட்டைவிரல் படம் போடுவார். அந்தக் கட்டைவிரலை ஒடித்தால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காயின் பொடியைக் கூழாகக் குறுக்கிக் கொடுத்தால் வெறும் மாவுச்சத்து என்பாள். கஞ்சி கொடுத்தால் வெறும் தண்ணீர். மரச்சீனியும் மீனும் பிசைந்து ஒரு வாய் ஊட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் என்னவோ எலி மருந்து ஊட்டியதுபோல ஓடிவந்தாள். கேழ்வரகு, முட்டை, எந்தக் கடையிலும் கிடைக்காத ஏதோ ஒரு பழம், இவற்றையெல்லாம் மணிவாரியாக எழுதி என் பிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். என் வீட்டு பிரிட்ஜில்!

பிறகு பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை. இரத்தம் கொஞ்சம் குறைவு என்று வந்தது. உலகத்தில் யாருக்குமே இரத்தம் குறைந்ததில்லை என்பதுபோல ஒரு ஆர்ப்பாட்டம். நெய்யாற்றின்கரையில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார், காலையில் ஒரு மூடி.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். என் அம்மா வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை. ஆனால் அது தமிழ்நாடு, வேறு மாநிலம். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் மகளுக்கு முதல் தடுப்பூசி கார்டு அங்கே, தமிழில். மூன்றாம் மாதம் இங்கே வந்ததும் அங்கன்வாடியில் இன்னொரு கார்டு, மலையாளத்தில். எங்கள் பக்கத்தில் அந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிய வீடுகளில் பிள்ளைக்கு இப்படி இரண்டு கார்டு இருப்பது சாதாரணம். எந்தப் பக்கம் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கார்டைப் பையில் போட்டுக்கொள்வோம். மற்றதைக் காட்டினால் திட்டு விழும். ஒருமுறை அம்மா பக்கத்து டாக்டரின் சீட்டை மைனி என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"பாண்டி டாக்டருக்க சீட்டெல்லாம் இங்க கொண்டு வராதே" என்று நாலாகக் கிழித்துப் போட்டாள்.

தன் வீட்டில் வாய் திறந்தால் தமிழ்தான் பேசுகிறாள். திட்டுவதும் தமிழில்தான். ஆனால் தமிழ்நாட்டு டாக்டர் மட்டும் அவளுக்குப் பாண்டி.

அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? டானிக் விஷயத்தைச் சொன்னதும் என் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அவ சொன்னா நீ கொடுத்திருவியா? அங்கத்த மருந்துக்கு ஒரு பெலமும் கிடையாது. நம்ம டாக்டரு பிறந்த அன்னைக்கே பிள்ளையைக் கையில வாங்கிப் பாத்தவராக்கும்" என்று அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டர் வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே அம்மா முந்திக்கொண்டு "ஒண்ணும் இல்ல சாரே" என்றாள். நான் திருத்தவில்லை. அவரும் ஒரு டானிக் எழுதினார், சாயங்காலம் ஒரு மூடி. மருந்துக் கடைக்காரர் பெட்டியைக் கையில் கொடுத்து, "பிள்ளை நல்லாச் சாப்பிடும்" என்றார்.

அது இரத்தத்துக்கு, இது பசிக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். காலை டானிக் சிவப்புப் பெட்டி, சாயங்கால டானிக் பச்சைப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, பி.காம். பாஸ் செய்தவள். படிக்கவில்லை. எந்த டாக்டரை விட்டாலும் ஒரு வீட்டில் சண்டை. அதனால் இரண்டையும் கொடுத்தேன். காலை மூடி மைனியின் கண் முன்னால். சாயங்கால மூடி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு.

இரண்டாம் வாரத்தில் பிள்ளைக்கு வயிறு இறுகிவிட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் கறுப்பாக, அழுது அழுது. டானிக் குடித்தால் அப்படித்தான் என்றாள் மைனி. என் அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் கருத்து ஒன்றாக இருந்தது. மகள் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். கோழி பக்கத்தில் வந்து நின்றாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த முதல் சனிக்கிழமை மெஷினில் எடை இன்னும் குறைந்திருந்தது.

"பாத்தியா? இப்பமாவது புத்தி வருதா? நாளை முதல் ரெண்டு மூடி கொடு" என்றாள் மைனி.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்கண்டாமா மைனி?"

"நான் இந்த பீல்டிலே பதினாலு வருஷம். எனக்கு நீ சொல்லித் தரண்டாம்."

அம்மாவிடம் எடை குறைந்ததைச் சொன்னேன். அவள் டாக்டரின் கம்பவுண்டரிடம் கேட்டாளாம். அவரும் இரண்டு மூடி என்றாராம். கணக்குப் போடத் தெரிந்தவள்தான் நான். ஒரு நாளைக்கு நாலு மூடி. சிந்தாமல் அளந்து ஊற்றினேன்.

எட்டாம் நாள் மத்தியானம் பிள்ளை வாந்தி எடுத்தாள். ஒருமுறை, இரண்டுமுறை, பிறகு நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுபோனவளைத் தூக்கியபோது கழுத்து என் தோளில் தொய்ந்து விழுந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். போன் பண்ணிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். அன்று லீவில் இருந்த மைனியும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க, நான் என்ன ஊட்டினேன் என்ற விசாரணை.

நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் இளவயது டாக்டர், பெண். பிள்ளையை என் மடியில் வைத்தபடியே வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இரத்தக் குறைவுக்கு டானிக் கொடுப்பதை மைனி மலையாளத்திலும் இங்கிலீஷிலுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் இடையில் நிறுத்தி, "வேறெ வல்ல மருந்தும் கொடுக்குந்நுண்டோ?" என்று கேட்டார்.

"இல்லா டாக்டர். எல்லாம் ஞான் தன்னெயாணு நோக்குந்நது" என்றாள் மைனி. எல்லாவற்றையும் இவளே பார்த்துக்கொள்கிறாளாம்.

டாக்டர் என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். நான் பேசவில்லை. அவர் குனிந்து, எங்களுக்குள் பேசியதைக் கேட்டிருப்பார் போலும், தமிழிலேயே கேட்டார். "அம்மா, நீங்க சொல்லுங்க. வேற ஏதாவது கொடுத்தீங்களா?"

"உண்டு" என்றேன். "சாயங்காலம் ரெண்டு மூடி. எனக்க அம்மை வீட்டுப் பக்கத்து டாக்டர் தந்தது."

வேலையிலிருந்து ஓடிவந்த கணவர் வீட்டுக்குப் போய் இரண்டு பாட்டிலையும் எடுத்து வந்தார். டாக்டர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார். இரண்டும் இரும்புச்சத்து. கம்பெனி வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. இந்த வயதில் அளவு மீறினால் விஷம், வயிற்றைப் புண்ணாக்கும், ஈரலையும் பிடிக்கும் என்றார். ஈரலைப் பிடித்திருக்கிறதா என்பது இரத்த ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். என் மகளின் புறங்கையில் ஊசி குத்த இடம் கிடைக்காமல் மூன்று முறை குத்தினார்கள். மூன்று முறையும் என்னைப் பார்த்துத்தான் அழுதாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மைனி ஆரம்பித்தாள். "எனக்கிட்ட மறைச்சு வச்சு இப்பம் பிள்ளையைக் கொல்லப் பாத்தியே!"

"காட்டியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பிய. ஒரு மூடியை ரெண்டாக்கச் சொன்னது ஆரு? எனக்க அம்மையா?"

"எனக்குத் தெரியுமா நீ வேற ஒண்ணு ஒளிச்சுக் கொடுக்கது?"

"பிள்ளைக்க எடையைத்தானே பாத்திய. என்னைக்காவது பிள்ளைக்க முகத்தைப் பாத்தியளா?"

"ரெண்டு பேரும் ஒண்ணு மிண்டாம இரிங்க" என்றார் கணவர். பேசாமல் இருங்கள் என்பதுதான் கல்யாணமான நாள் முதல் அவர் சொல்லிவரும் ஒரே கருத்து.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஈரலுக்கு ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அம்மா வந்து காலைப் பிடிக்காத குறையாக அழுதாள். அவளிடமும் ஒரு வாரம் நான் பேசவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். அடுத்த மாதம் சபைப் பெண்கள் கூட்டத்தில், ஆராதனை முடிந்து, மைனியின் உடல்நலப் பேச்சு. பிள்ளை வளர்ப்பு என்பது தலைப்பு. மைக்கைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். "நமக்க சபையிலே ஒரு தாய். பேரு சொல்லல்லே. படிப்பு உண்டு, விவரம் இல்லை. ஒரே மருந்தை ரெண்டு இடத்திலே வாங்கி..." நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. பேர் வேறு சொல்ல வேண்டுமா? பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"அந்தத் தாய் நானாக்கும். ரெண்டு மருந்தையும் கொடுத்தது எனக்க கைதான், இல்லேன்னு சொல்லல்லே. ஆனா காலைல உள்ள மருந்தை டாக்டர்ட்ட கேக்காம இரட்டியாக்கச் சொன்ன ஆளுக்க பேரையும் மைனி சொல்லல்லியே."

"இரி. இது ஆலயமாக்கும்."

"ஆலயத்திலே வச்சுத்தான் உண்மை பேசணும். இங்க எத்தனை பேருக்க வீட்டிலே பிள்ளைக்கு ரெண்டு கார்டு உண்டு? கையைத் தூக்குங்க."

முதலில் கடைசி வரிசையில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஒன்பது கைகளை எண்ணினேன். அதில் ஒன்று, மைனியின் நடைக் குழுவில் தினமும் அவள் பின்னாலேயே போகிறவளின் கை.

"டாக்டர்ட்ட போவும்ப ரெண்டையும் எடுத்துக் காட்டுங்க. ஏசுனா ஏச்சு வாங்குங்க" என்றேன். மைனி மைக்கை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்று முதல் எனக்குக் காலை நடை இல்லை, பிள்ளைக்கு மெஷின் இல்லை. மன்னித்துவிடு, ஒரே விளையில் இருக்கிறோம் என்கிறார் கணவர். முடியாது.

கூட்டம் கலைந்ததும் பெண்கள் சுற்றி நின்று, நல்ல தைரியம் என்று என் கையைப் பிடித்தார்கள். எனக்குக் கூசியது. அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மருத்துவமனையில் டாக்டர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். பச்சைப் பெட்டி கண் முன்னால் நின்றது. பிள்ளை என் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் திரும்பிப் பார்த்தது மைனியின் முகத்தை, சொன்னால் எவ்வளவு கோபப்படுவாள் என்று. டாக்டர் இன்னொரு முறை கேட்காமல் போயிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.