லூர்து சார் விதைத்த புகையிலை

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது லூர்து சாரின் மனைவி ஸ்டெல்லாவின் போன் வந்தது. "அக்கா, அவரு எழுந்திரிக்கல. நானும் எழுப்பி எழுப்பிப் பாக்கறேன்..." செருப்புகூடப் போடாமல் தெருமுனையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். லூர்து சார் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் பார்க்க வந்த டாக்டர். நாங்கள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது அவருடைய தொண்டையை நினைத்து.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் புவியியல் படித்தவர்களுக்கும் அந்தக் குரல் மறந்திருக்காது. கீழே அவர் மழைக்காடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினால், மாடியில் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படித்துவிடுவார்கள். இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் சிகரெட் பிடித்துவிட்டு வருவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அவர் புகையிலை விதைத்தது மட்டும் நாங்கள் குடியிருக்கும் நெல்லித்தோப்பில் எங்கள் இரண்டு வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் நம் பள்ளி மலருக்கு இதை எழுதுகிறேன்.

விதை பிரான்சிலிருந்து வந்தது. அங்கே குடியேறிவிட்ட அவருடைய அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, சிகரெட் விலை தாங்காமல் அங்கே சிலர் வீட்டிலேயே புகையிலை வளர்க்கிறார்கள் என்று சொல்லி, ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். சாருக்குத் தலைகால் புரியவில்லை. "கடையில விக்கறதுல கண்ட மருந்தையும் கலக்கறான் டீச்சர். நாமளே வளத்தா அவ்ளோ கெடுதி இல்ல" என்றார். அந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதே அவர் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. சளி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்ணுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடலோரப் பிள்ளைச்சாவடியில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். "கடல் மண்ணு டீச்சர். உப்பு. இதுல ஒண்ணும் வராது." வீட்டுக் கொல்லையில் இருந்த களிமண் காய்ந்தால் இறுகிவிடும் என்று அதையும் தள்ளினார். கடைசியில் நர்சரியில் செம்மண்ணும் ஆற்று மணலும் மண்புழு உரமும் வாங்கிக் கலந்தார். அந்தக் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அது வரும்வரை விடவில்லை. மாவுச் சல்லடையில் மண்ணைச் சலித்து ஸ்டெல்லாவிடம் திட்டு வாங்கினார். பூஞ்சை சாகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டார். விதை ஒவ்வொன்றும் தூசி மாதிரி இருந்தது. மணலோடு கலந்து தட்டில் தூவினார். மேலே மண் போடவில்லை. "வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். மூடினா போச்சு."

விதைத்த மறுநாள், கரகரப்புக்காகச் செய்திருந்த பரிசோதனையின் முடிவு வந்தது. தொண்டையில் புற்றுநோய்.

ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்பியவர், ஆட்டோவை என் வாசலில் நிறுத்தச் சொல்லி அந்தத் தட்டை என் கையில் கொடுத்தார். ஸ்டெல்லா ஆட்டோவுக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மேல தண்ணி ஊத்தாதீங்க. அடியில ஒரு தாம்பாளத்துல தண்ணி வைங்க, மண்ணு அதுவா உறிஞ்சிக்கும்." அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. காலையில் எழுந்ததும் தட்டைத்தான் பார்ப்பேன். பச்சைப் புள்ளிகளாக முளை விட்டபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பரிசோதனையாக முடிந்துகொண்டிருந்தது. தினமும் போன் செய்வார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள், "தட்டு எப்பிடி இருக்கு?" என்பார். ஒருநாள் ஒரு மூலையில் நாற்றுகள் அடித்தண்டு கருத்துச் சாய்ந்துகிடந்தன. மறைக்காமல் சொன்னேன். "அந்த மூலைய மண்ணோட வெட்டி எடுத்துடுங்க. இல்லன்னா பக்கத்துல பரவும்" என்றார். போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த ஸ்டெல்லா நேராக என் வீட்டுக்குள் வந்து தட்டின் முன்னால் நின்றாள்.

"அக்கா, ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணிய இதுல ஊத்திடுங்க. பட்டுப்போச்சுன்னு அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஸ்டெல்லா..."

"அறுத்துத் தச்சு அனுப்புவாங்க. வந்து இந்த எலயக் காயவச்சுச் சுருட்டிப் பிடிச்சாருன்னா நான் எங்க போவேன்? எனக்கு யாரு இருக்கா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அடுப்பில் தண்ணீர்கூட வைத்துவிட்டேன். கொதிக்கத் தொடங்கியதும் அணைத்தேன். "நாளைக்கு நானே அவருகிட்ட கேக்கறேன். அப்புறம் நீ சொல்றபடி செய்யலாம்" என்றேன். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பஸ் ஏறிக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் சாரின் பக்கத்தில் ஸ்டெல்லா இருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "சார், செடி பெருசானா பிடிப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. குரல் காற்றாகத்தான் வந்தது.

"தெரியல டீச்சர். பிடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணலாம். பண்ணா அது பொய்யாக்கூட போவலாம். எனக்கே என்னைய நெனச்சா பயமா இருக்கு. அதான் உங்ககிட்ட குடுத்தேன். ஊட்டுல வச்சிருந்தா இவகிட்ட மறைப்பேன்."

ஸ்டெல்லா அழுதாள். முப்பது வருஷத்துக்கும் மேல் கூட வாழ்ந்தவர் பயம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். தட்டை அழிக்கச் சொல்லி அவள் மறுபடி கேட்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. தப்பிய நாற்றுகளில் நான்கைத் தொட்டியில் மாற்றி, என் வீட்டு மொட்டை மாடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஸ்டெல்லாவோடு வந்து பார்ப்பார். செடி மார்பு உயரம் வளர்ந்து இலை முறம்போல் விரிந்தது. அவர் இலையைத் தடவும்போதெல்லாம் நானும் ஸ்டெல்லாவும் அவர் கையையே பார்ப்போம்.

ஒருநாள் அவர் தனியாக வந்துவிட்டுப் போன பிறகு மாடிக்குப் போனேன். ஒரு செடியில் அடி இலை இல்லை. காம்பிருந்த இடம் ஈரமாக இருந்தது. ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று புரியாமலேயே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த இலை.

"அவரேதாங்க்கா கொண்டாந்து என் கையில குடுத்தாரு" என்றாள் ஸ்டெல்லா.

"பறிக்கறப்ப காயவைக்கணும்னுதான் பறிச்சேன் டீச்சர்" என்றார் சார், அந்தக் காற்றுக் குரலில். "தெருவுல நடந்து வர்றப்ப பயந்துட்டேன். இவகிட்ட சொல்லிட்டா பிடிக்க முடியாதில்ல."

பூத்து முடிந்ததும் நான்கு செடிகளையும் அவரே பிடுங்கினார். அதன்பிறகு, எனக்குத் தெரிந்து, அவர் புகைக்கவில்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தின நாள் போன் செய்து, "நாளைக்குப் போறோம் டீச்சர், பயமா இருக்கு" என்பார். அப்படிச் சொல்ல அவர் வெட்கப்பட்டதே இல்லை.

எனக்கு இப்போது மார்பில் ஒரு சின்னக் கட்டி. அடுத்த வாரம் பரிசோதனை முடிவு வரும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், தனியாகப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சாரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சென்னையில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். "எனக்குப் பயமா இருக்குடி. கூட வா" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே கிடையாது. "வந்துடறேம்மா" என்றாள். லூர்து சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்.