மூன்று நாள் முந்திப்போன கல்யாணம்

வெயிலம்மாளுக்கு இங்கிலீஷ் தேதி எதுவும் மனசில் தங்காது. மகள் பிறந்தது விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். வீட்டுக்காரர் லாரியோடு போய்ச் சேர்ந்தது தை அமாவாசைக்கு முந்தின வெள்ளி. ஐயா தங்கச்சாமி கண்ணை மூடியது செண்பகவல்லியம்மன் தேரோட்டத்தன்று. தேதி போடச் சொல்லும் காகிதம் எதுவானாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவாள். கையெழுத்தை மட்டும் தானே போடுவாள், எழுத்து ஒவ்வொன்றும் விதை ஊன்றியதுபோல இடம்விட்டு நிற்கும்.

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் விஜி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். காலையில் அதைக் கூட்டித் துடைத்துவிட்டு, எட்டரைக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்த் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவாள் வெயிலம்மாள். 2004ஆம் வருஷம் அவளுக்கு வயது முப்பத்தாறு. ஒன்பதாவது படிக்கும் மகளும் அவளும் லைன் வீட்டில் இருந்தார்கள். ஒரு சாண் மண் சொந்தம் கிடையாது. துளசிச் செடிகூட டால்டா டப்பாவில்தான்.

இடைசெவலுக்குக் கிழக்கே, ஓடைக்கு வடபுறம், ஐயாவுக்கு நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. தாத்தா வழி வந்த நிலம். பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் அதில் களை எடுத்தது, பருத்தி எடுத்தது, மழை பிந்தினால் வானத்தை வைதது எல்லாம் வெயிலம்மாள்தான். தம்பி மாரிராஜ் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். ஐயா உயிரோடு இருந்தபோதே நிலத்தை மகன் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். அது அவளுக்குத் தெரிந்ததே அவர் போய் ஆறு மாதம் கழித்துத்தான்.

தெரிந்த பிறகும் பருத்தி எடுக்கப் போனாள். தம்பி பெண்டாட்டி சொர்ணத்தாய் பாய் விரித்து, காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். "உக்காருங்க மைனி, வெயில்ல வந்திருக்கீக. ஆள் விட்டிருக்கோம், அவிய எடுப்பாக." அந்த உபசாரத்தில்தான் வெயிலம்மாளுக்குப் புரிந்தது, தான் இந்த வீட்டுக்கு விருந்தாளி என்று.

மாரிராஜிடம் கேட்டும் விட்டாள். அவன் கெட்டவன் இல்லை. "எக்கா, ஒனக்கு இல்லாததா? எப்பம் வேணும்னாலும் வா. வேணுங்கிறத அள்ளிட்டுப் போ."

"அள்ளிட்டுப் போறதுக்கு இல்லலே. ஒரு ஏக்கர்னாலும் என் பேர்ல கெடக்கணும். இந்த வருசம் கம்பா உளுந்தான்னு நான் சொல்லணும்."

"இது என்ன புதுசா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மறுநாள் காலை விளக்குமாற்றோடு குனிந்தபடியே விஜியிடம் கேட்டாள். "ஏ விஜி, இந்தப் பொட்டிக்குள்ள பரீட்ச ரிசல்ட் எல்லாம் வருதே, சட்டம் வருமா?"

"எல்லாம் வரும்க்கா. என்ன சட்டம்?"

"பொம்பளப் பிள்ளைக்கு ஐயா நெலத்துல பங்கு உண்டுமாங்கிற சட்டம்."

விஜி பி.காம். படித்தவள். கடை திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. போன் லைனைப் போட்டு, அது கீச்கீச்சென்று கத்தி முடித்ததும் தேடினாள். முதலில் அமெரிக்காக்காரன் சட்டமாக வந்து விழுந்தது. அதைத் தள்ளிவிட்டுத் தேடியதில் ஐம்பத்தாறாம் வருஷத்து இந்தியச் சட்டம் கிடைத்தது. விஜி வரிவரியாகத் தமிழில் சொன்னாள். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு. மகளுக்கு அப்படிப் போட்டிருக்கவில்லை.

"சரி விடு. வேலையப் பாப்போம்" என்று வெயிலம்மாள் வாளியைத் தூக்கினாள். அன்றைக்குத் துடைத்த தரையையே இரண்டாம் தரம் துடைத்தாள்.

விஜிக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தெருமுனையிலேயே வந்து நின்றாள். "எக்கா, சீக்கிரம் வாங்க. நேத்து தமிழ்நாடுன்னு சேத்துப் போட்டுத் தேடுனேன். நம்ம மாநிலத்துக்குன்னு தனியாத் திருத்தியிருக்காங்க. டெல்லிச் சட்டத்துல இல்லாதது இதுல இருக்கு."

திரையில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். ஆனாலும் வெயிலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய் உட்கார்ந்தாள். மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே சம பங்கு என்று விஜி படித்தாள். பங்குள்ளவளை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பத்திரத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்கலாம் என்றாள்.

"பிறப்பிலேயேன்னா போட்டிருக்கு?"

"ஆமாக்கா."

"நான் பிறந்தப்பமேவா?" வெயிலம்மாள் கேட்டது விஜியிடம் இல்லை. கண் திரையில் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் ஓடையைத் தாண்டி, வரப்பில் ஏறி, யாரையும் கேட்காமல் நடுப் புஞ்சையில் போய் நின்றுவிட்டாள்.

விஜி அடுத்த வரியைப் படிக்காமல் நிறுத்தியிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்தச் சட்டம் நடப்புக்கு வாரதுக்கு முந்தியே கல்யாணமான மகளுக்கு இது கெடையாதாம். நடப்புக்கு வந்தது எண்பத்தொம்பது மார்ச் இருபத்தஞ்சு. ஒங்களுக்குக் கல்யாணம் என்னைக்கு?"

"பங்குனி உத்திரம். அந்த வருசந்தான்."

பழைய பௌர்ணமிக் கணக்கை எங்கிருந்தோ தேடி எடுத்துப் பார்த்தாள் விஜி. அந்த வருஷம் உத்திரம் மார்ச் இருபத்திரண்டு, புதன்கிழமை.

"மூணு நாளுக்கா" என்றாள்.

வெயிலம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்ய? அந்தக் கல்யாணமே உத்திரத்துக்கு வைத்தது இல்லை. சித்திரையில் வைத்து, சிவகாசியில் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார், "உத்திரத்துக்கு எங்க சனம் பூரா சாஸ்தா கோயில்ல கூடத்தான போகுது, நீங்களும் அங்கன வந்திருங்க, பொங்கலோட பொங்கலாத் தாலியக் கட்டிருவோம்" என்றார்கள். ரெண்டு சாப்பாடு ஒரு சாப்பாடாகுமே என்று ஐயாவும் தலையாட்டிவிட்டார். அடித்த பத்திரிகையை வீணாக்க மனசில்லாமல் வீடுவீடாக அதையே கொடுத்து, "உள்ள போட்டிருக்க தேதியப் பாக்காதீக, உத்திரத்தன்னைக்கு வந்திருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

கதையைக் கேட்ட விஜி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பத்திரிக இருக்கா?"

டிரங்குப் பெட்டியிலிருந்து வெயிலம்மாள் மறுநாள் எடுத்துவந்தாள். மஞ்சள் மங்கிப்போன அட்டை. சுக்கில வருடம், சித்திரை மாதம் 14ஆம் தேதி, 27.4.1989, வியாழக்கிழமை.

"எக்கா, கல்யாணத்தப் பதிஞ்சீங்களா?"

"யாரு பதிஞ்சா அப்பம்?"

"அப்போ ஒங்க கல்யாணத்துக்கு இருக்கற காகிதம் இது ஒண்ணுதான். தம்பி இல்லைன்னு சொல்லட்டும், அவர்கிட்ட என்ன காகிதம் இருக்கு? பத்திரிக பொய் சொல்லாதுக்கா."

"பத்திரிக சொல்லாது. நாந்தான சொல்லணும்."

ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. மூன்று நாள்தானே. யார் குடி கெட்டுவிடும்? நாலு ஏக்கரில் பாதி வேண்டாம், ஓடையோரம் ஒரு ஏக்கர் போதும். கட்டை அடுக்கும்போது கை தன்பாட்டுக்கு ஓடும், மனசு அந்த ஒரு ஏக்கரை நாலாக வகுத்துப் பார்க்கும்.

சனிக்கிழமை மத்தியானம் விஜியும் அவளும் மாயகிருஷ்ணன் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். விஜி எடுத்துவந்த பிரிண்டைப் பார்த்து அவர் புருவத்தைத் தூக்கினார். "சட்டத்தையே கையில கொண்டு வந்துட்டீங்களே! எனக்கு வேலை மிச்சம்." பத்திரிகையை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஏப்ரல் இருபத்தேழு. சட்டத்துக்குப் பிந்திதான். கேஸ் நிக்கும்மா." பேனாவைத் திறந்தார். "கல்யாணம் இந்தத் தேதியிலதான நடந்துச்சு?"

விஜி வெயிலம்மாளின் முழங்கையை லேசாக இடித்தாள்.

வெயிலம்மாள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது புருஷன் சுடலைமாடன் ஞாபகத்துக்கு வந்தான். உத்திரத்தன்று தாலி கட்டியவன் சித்திரை பாதிவரைக்கும் லாரியில் ஏறவில்லை. தெருக்குழாயில் குடம் தூக்கிவந்தான். "ஏட்டி, புது மாப்பிள்ள தண்ணி சொமக்காரு பாரு" என்று பெண்கள் கேலி பண்ண, "எங்க வீட்டுத் தண்ணிதான, நாந்தான சொமக்கணும்" என்றான். அதற்குப் பிறகு ஏழு வருஷம், மாதத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள் வந்துபோன மனுஷன். சேர்ந்தாற்போல அவர்கள் குடித்தனம் நடத்தியது அந்த ஒரு மாதச் சொச்சம்தான். சித்திரைக் கல்யாணம் என்றால் அந்த நாளெல்லாம் அவள் அவனுக்கு யார்?

"இல்ல சார்" என்றாள். "உத்திரத்தன்னைக்கு நடந்துச்சு. இது முந்தியே அடிச்ச பத்திரிக."

வக்கீல் பேனாவை மூடினார். "அப்படின்னா இந்தச் சட்டத்துல வழி இல்லம்மா. தம்பியா மனசுவச்சுக் கொடுத்தா உண்டு."

படியிறங்கும்போது விஜிக்குக் கோபமும் அழுகையுமாக வந்தது. "மூணே நாளுக்கா…"

"நீ போ தாயி, கடையத் தெறக்கணும்லா. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."

பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் நாள்தான் புரட்டாசி மழை ஒரு உழவுக்குப் பெய்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண் விதை உளுந்து மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இடைசெவல் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். வெயிலம்மாள் குனிந்து மூட்டையின் வாய்வழியே ரெண்டு மணி எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"நல்ல திரட்சி."

"ஆமா. ஒங்களுக்கும் அந்தப் பக்கந்தானா? எங்கன புஞ்சை?"

"எங்க ஐயா புஞ்சை ஓடைக்கு வடக்க."

"அது நல்ல மண்ணுல்லா. வெதச்சாச்சா?"

வெயிலம்மாள் உளுந்தை மூட்டைக்குள் திரும்பப் போட்டாள்.

"இன்னும் இல்ல" என்றாள்.