ஆமென் வராத பதில்

நண்பரே, 'இல்லை' என்பதற்கும் 'தெரியவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் எழுதும் கணினி நிரல் அறியுமா? தொலைவிலுள்ள கணினியோடு பேசிப் பிழைக்கும் நம் தொழிலில், பாதிப் பதிலை முழுப் பதிலென்று நம்பி அவதிப்படாதவர் எவருமிலர். தொண்ணூறுகளில் ஏற்காட்டில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

திரையில் வந்த 'இல்லை'

மலைமேல் இருந்த சிறு மருத்துவமனையின் கணினி, தொலைபேசி இணைப்பின் வழியே சேலத்து ரத்த வங்கியின் கணினியிடம் இருப்பைக் கேட்டறியும். கேட்டு வாங்கும் நிரல் நான் எழுதியது. ஒரு மழைநாளில், மாரமங்கலத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும். இணைப்போ நடுவில் அறுந்துபோக, பதிலின் பின்பாதி வரவேயில்லை. வராததையெல்லாம் என் நிரல் 'இல்லை' என்று காட்டியது.

அந்த ஒரு சொல்லோடு ஒரு தாயைக் கைவிட நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு மனம் வரவில்லை. இணைப்பு திரும்பியதும் தாமே தொலைபேசியில் கேட்டார். ரத்தம் இருந்தது, ஜீப்பில் வந்தது, தாயும் சேயும் பிழைத்தனர். பிறகு, அன்று அங்கேயே இருந்த என்னிடம் திரும்பினார்: "ஏனுங்க சார், இருக்கறதைப் போயி இல்லைங்குதே உங்க பொட்டி, அதுக்குக் கன்னம் இருந்தா ரெண்டு வெச்சிருப்பேனுங்க!"

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

அப்படிச் சொன்னவரே அந்த ஞாயிறு என்னை ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு அருகிலுள்ள தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அவர் கணவர் உணவுக்கு முன் ஜெபம் செய்தார். நடுவில் இருமல் வந்து சற்றே நிறுத்தினார். முடிந்ததென்று எண்ணி நான் சோற்றைப் பிசைந்தேன். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்: "சார், ஆமென் இன்னும் வர்லீங்க, கொளம்பு எங்கியும் ஓடிப்போயிராதுங்க!"

பதிலுக்கு ஒரு முடிவு

நானும் என் நிரலும் செய்த தவறு ஒன்றே: மௌனத்தை முடிவென்று கொண்டோம். சேலத்து ரத்த வங்கிக் கணினியைக் கவனித்த நண்பர்களிடம் வேண்டி, ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் 'முற்றும்' என்றொரு குறியைச் சேர்க்கச் செய்தேன். குறி வராவிட்டால் நிரல் இனி 'இல்லை' என்னாது. 'பதில் முழுதாக வரவில்லை' என்று கூறி மீண்டும் கேட்கும்.

பிழைத்த பெண்ணின் கணவர் முருகேசன் குழந்தையோடு நன்றி சொல்ல வந்தபோது, இதை அவருக்குப் பெருமையுடன் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழங்கள் நிறைந்த பையை ஸ்டெல்லாவிடம் நீட்டினார்: "நொம்ப சந்தோசமுங்க சார். இருந்தாலும் நர்ஸம்மா ஒரு போனும் போட்டே கேக்கட்டுங்க!"

தெரியாததைத் தெரியாதென்று சொல்லக் கணினிக்கு ஒரே நாளில் கற்பித்துவிட்டேன். எனக்குக் கற்பிக்கத்தான் இத்தனை நல்லவர்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே தோழரே, நாளை என்று தள்ளாதீர்கள்: பாதிப் பதில் வந்தால் உங்கள் நிரல் என்ன சொல்கிறதென்று இன்றே, யாரோ ஒருவர் அதை நம்பிப் படுத்திருக்கும் முன்பே, சோதித்துப் பாருங்கள்.