நாலு மணி வரை தாங்க வேண்டிய பேட்டரி

செல்போன் கடைக்குப் போன் வாங்க ஒரு தடவைதான் வருவார்கள். பேட்டரி நிற்கவில்லை என்று சொல்ல மாதம் நாலு தடவை வருவார்கள். கம்பத்தில் நான் கடை போட்டிருந்தபோது தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, அதனால் என் பிழைப்பு நன்றாகவே நடந்தது. முக்கியமான பேச்சுக்கு நடுவில் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தோடு போன் அணைந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருக்குமே. அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள், சொல்கிறேன்.

புது பேட்டரி

அந்தோணியம்மா அக்காவுக்கு ராயப்பன்பட்டி. தினமும் விடிந்ததும் ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்குவார். ஒரு நாள் ஜீப் டீக்கு நின்ற நேரத்தில் கடைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார். தோட்டத்தில் மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறதாம்.

நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பேட்டரி பழசு என்று சொல்லிப் புதுசு போட்டுக் கொடுத்தேன். வெளிச்சத்தைக் குறையுங்கள், வைப்ரேட்டரை அணையுங்கள், ப்ளூடூத்தை அணையுங்கள், சூட்டில் வைக்காதீர்கள் என்று கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த உபதேசத்தையும் ஒப்பித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எம் மகளுக்கு இது ஒம்பதாம் மாசம். மருமகன் திருப்பூர்ல இருக்காக, அவ வீட்டுல ஒத்தையில கெடக்கா. நாலு மணி வரைக்கும் இது உசுரோட இருந்தாப் போதும் தம்பி."

சூட்டில் வைக்காதீர்கள்

என் உபதேசத்தை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்தவர் ஒருவர்தான். சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீரணன். அவர் போன் திரைக்குள் பனி மூட்டம் போட்டிருந்தது. பேட்டரி முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. தண்ணீரில் போட்டீர்களா என்று கேட்டேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

விசாரித்தால், சூடு ஆகாது என்று நான் சொன்னதற்காக, வெற்றிலைக் கட்டோடு சேர்த்து ஈரத் துணி சுற்றி, மேலே வாழைச்சருகும் கட்டி நிழலில் வைத்திருக்கிறார். தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்ததாகவும் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க மனசு வரவில்லை.

"வெத்தலையே மூணு நாளு வாடாம இருக்கு பாய். இரும்புச் சாமான், இதுக்கு என்ன நோக்காடு?"

நோவு எங்கே?

பத்து நாளில் அந்தோணியம்மா அக்கா திரும்பி வந்தார். பழைய பேட்டரி, புது பேட்டரி இரண்டையும் என் முன்னால் வைத்தார். புதுசும் பதினொரு மணிக்கே போய்விடுகிறதாம். நான் அதைக் கடையில் சோதித்துப் பார்த்தேன். இரண்டு நாள் கல்லுக்குண்டு மாதிரி நின்றது. மகளோடு மணிக்கணக்கில் பேசுகிறீர்களோ என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு பேட்டரியும் மேல சாகுது, கீழ பொழைக்குது. அப்ப நோவு பேட்டரியில இல்ல தம்பி, மேலதான இருக்கு. நீ ஒரு தரம் வந்து பாரேன்."

ஜீப்பில் ஒரு வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதுமே டவர் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தோட்டத்தில் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவர், மறு நிமிஷம் கேரளா டவர், அடுத்து எதுவும் இல்லை. டவரைத் தேடித் தேடியே போன் களைத்துப்போகிறது. உபதேசம் ஒட்டி வைத்தவனின் போனும் பதினொன்றரைக்கு அணைந்தது.

இங்கே போனை அணைத்து வைப்பது ஒன்றுதான் வழி என்றேன். அணைத்து வைத்தால் மகளுக்கு வலி எடுத்தது எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார். அந்தக் கூட்டத்தில் போன் வைத்திருந்தவர்கள் நாலு பேர். அதில் பவுனுத்தாய் என்ற அம்மாளும் அந்தோணியம்மா அக்காவும் ஜீப்பில் உட்காரும் இடத்துக்காகச் சண்டை போட்டு ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. பவுனுத்தாய் காய் எடுத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"குடிக்கத் தண்ணி எடுக்க எல்லாருமாவா போறோம்? முறை வச்சுத்தான போறோம். போனுக்கும் முறை வச்சா என்னவாம்?"

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை

அப்படியே செய்தார்கள். எட்டிலிருந்து நாலு வரை ஆளுக்கு இரண்டு மணி நேரம். ஒருவர் போன் உயிரோடு இருக்கும், மற்ற மூன்றும் தூங்கும். எந்த நேரத்துக்கு எந்த நம்பர் என்று நான் அட்டையில் எழுதி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அடியில் என் கடை நம்பரையும் போட்டேன், அது விளம்பரத்துக்குத்தான். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பவுனுத்தாய் முறை. தன் மகள் அவளிடமா பேச வேண்டும் என்று அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் அட்டையை வாங்கிக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை ஒன்றரை மணிக்குக் கடைப் போன் அடித்தது. பவுனுத்தாய் பேசினார். அக்கா மகளுக்கு வலி எடுத்துவிட்டது, பக்கத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், உடனே ஒரு ஆட்டோ அனுப்புங்கள் என்றார். என் வீட்டுக்காரியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பவுனுத்தாய் லைனைக் கட் பண்ண மறந்துவிட்டார் போல, அவர் சரிவில் விழுந்தடித்து ஓடுவதும், மூச்சு வாங்கக் கத்துவதும் என் காதில் தெளிவாக விழுந்தன.

"ஏ ஆத்தா, யாரோ ஒருத்தி மகளுக்கு வலி எடுத்துருச்சாம். அவளக் கெளம்பச் சொல்லுங்க. ஜீப்ப நான் நிப்பாட்டுறேன்."

ரெண்டை அமுக்கினால்

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாமல் கிடந்தாளாம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய அரைமணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மணிக்கு மலையிலிருந்து ஜீப் வந்து நின்றது. அக்கா இறங்கி உள்ளே ஓடினார். கூட வந்த பவுனுத்தாய் இறங்கவே இல்லை, நல்லபடியாகப் பிறந்ததா என்று டிரைவரை விட்டுத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். சண்டை சண்டைதானே.

மூன்றாம் மாதம் அந்தோணியம்மா அக்கா கடைக்கு வந்தார். கையில் மகளின் போன். மகள் பிள்ளையோடு திருப்பூருக்குக் கிளம்புகிறாள் என்றார். பேட்டரியா என்றேன். அதெல்லாம் நன்றாக நிற்கிறது என்று தலையாட்டினார். வாசலில் நின்ற ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பவுனுத்தாய் உட்கார்ந்திருந்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ கூட எனக்கு இன்னும் பேச்சு இல்ல தம்பி. ஆனா இதுல ரெண்ட அமுக்குனா அவளுக்குப் போற மாதிரி வச்சுக் குடு."

பேட்டரி நீடிக்க நான் கண்டதிலேயே சிறந்த வழி இப்படி நாலு பேர் முறை வைத்துக்கொள்வதுதான் என்றாலும், கண்ணாடியில் அதை எழுதி ஒட்டவில்லை, ஒட்டியிருந்தால் கம்பத்தில் என்னிடம் ஒருவரும் பேட்டரி வாங்கியிருக்க மாட்டார்கள்.