ஒரே சேற்றில் இருபது பைகள்

1. குழாய்

பேலியகொடைச் சோதனைச் சாவடியில் எங்கள் வான் வண்டியை மறித்தபோது, ஒரு மீட்டர் நீளமான பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தேன். உள்ளே குளத்து அடிச்சேறு. காலையில் படகில் போய் நானே எடுத்தது. வண்டியில் என்னோடு சாரதியும் களத்துக்கு உதவியாக வரும் ருவனும் இருந்தார்கள். மூவரின் அடையாள அட்டையையும் பார்த்தார்கள். இறங்கச் சொன்னது என்னை மட்டும். யுத்த காலம் அது; என் அட்டையில் தமிழ்ப் பெயரும், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றும் இருந்தது.

"மொகத மேக்கே தியென்னே?" உள்ளே என்ன என்று சார்ஜன்ட் கேட்டார்.

"வெவே மட," என்றேன். குளத்துச் சேறு.

"சேற்றைப் போய் யாராவது மடியில் வைத்துக்கொண்டு வருவார்களா?"

நான் வேலை செய்யும் லாப் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அவர் வாசிக்கவில்லை. மூடியைக் கழற்றிக் குழாயைத் தார் ரோட்டில் கவிழ்த்தார். பூட்ஸ் நுனியால் கிளறினார். "மண்தான். அள்ளிக்கொண்டு போ."

அள்ளி என்ன செய்வது? குளத்தின் அடியில் சேறு வருடத்துக்கு வருடம் படிகிறது. மேலே புதியது, கீழே பழையது. அதைச் சென்டிமீட்டர் கணக்கில் வெட்டி, உலர்த்தி, அரைத்து, என்.ஐ.ஆர் மெஷினில் வைப்போம். கோழித் தீவனத்தில் புரதம் பார்க்க வாங்கிய மெஷின் அது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை ஒரு வளைகோடாகக் காட்டும். தண்ணீரின் தரம் தெரிந்த குளங்களின் வளைகோடுகளோடு ஒப்பிட்டால், எந்தக் காலத்தில் தண்ணீர் எப்படி இருந்தது என்று கணிக்கலாம். அடுக்குக் கலைந்தால் அது வெறும் சேறுதான்.

அந்தக் குளத்திலிருந்து ஒரு குடியிருப்புத் திட்டத்துக்குக் குடிதண்ணீர் எடுக்க இருந்தார்கள். தண்ணீர் கெட்டுக்கொண்டு வருகிறதா என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி.

2. நன்மைக்குத்தான்

கொள்ளுப்பிட்டியில் இருந்த எங்கள் லாபுக்குப் பொறுப்பாளர் தேவராஜா சேர். அடுத்த நாள் காலை கூப்பிட்டார்.

"பிள்ளை, இனி நீங்கள் ஃபீல்டுக்குப் போக வேண்டாம். ருவன் போகட்டும். படகில போய் எடுத்து, கரையிலேயே வெட்டிப் பையில போட்டுக்கொண்டு வரட்டும். வண்டியில குழாயும் வேண்டாம், கரைச்சலும் வேண்டாம்."

"நான் என்ன பிழை செய்தனான் சேர்?"

"பிழை ஒண்டுமில்லை. பெயர்தான் பிரச்சினை. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"உங்கட பெயரும் அப்படித்தானே?"

"ஓம். அதாலதான் நான் ஒஃபிஸை விட்டு வெளியில போறதில்லை."

பதினொரு வருடம் படகில் ஏறி இறங்கியவள் நான். தெருவில் என்னை இறக்கி வைத்தவன் சீருடைக்காரன், அந்நியன். இவர் என் பக்கத்து மனிதர். அவமானம் இவரிடம்தான் அதிகமாகச் சுட்டது.

3. ஒரே கோடு

அடுத்த முறை குளத்துக்குப் போன ருவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே திரும்பிவிட்டான். இருபது பைகள், ஒவ்வொன்றிலும் ஆழம் எழுதிய லேபல். உலர்த்தி, அரைத்து, ஸ்கேன் செய்தேன். இருபது வளைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாக நின்றன. மெஷின் பிழையோ என்று, அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் மாதிரியை வைத்துப் பார்த்தேன். மெஷின் சரி. திரும்பவும் ஸ்கேன் செய்தேன். அதே கோடு.

ருவனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான்: "கரையில் நின்று அள்ளினேன், மிஸ். எனக்கு நீந்தத் தெரியாது. படகென்றால் பயம்."

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"யார் கேட்டார்கள்? நீ போ என்றார்கள்."

அவனை ஏசி என்ன பயன்? நீந்தத் தெரிந்தவளை லாபில் பூட்டிவிட்டு, தெரியாதவனைக் குளத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

தேவராஜா சேர் வளைகோட்டைப் பார்த்தார். "மாற்றமில்லை எண்டுதானே காட்டுது? அப்படியே எழுதி சைன் பண்ணுங்கோ. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போக வேணும்."

"மாற்றமில்லாதது குளம் இல்லை சேர், பைதான். இந்தத் தண்ணியைச் சனம் குடிக்கப் போகுது."

படிவத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: இருபதும் ஒரே இடத்துச் சேறு. ஆய்வுக்கு உதவாது.

"கிழிச்சுப்போட்டு வேற எழுதுங்கோ."

"இதில எந்தச் சொல் பிழை எண்டு காட்டுங்கோ, கிழிக்கிறன்."

அவர் வாய் திறக்க முதல், வாசலில் நின்ற ருவன் உள்ளே வந்து, கரையில் அள்ளிய கதையை அவரிடமும் சொன்னான். அதன்பின் கிழிக்க வழியில்லை.

வேறு ஆள் இல்லாததால் அடுத்த கிழமை படகில் நானே போனேன். கரையில் நின்று படகுக் கயிற்றைப் பிடித்தவன் ருவன். சாவடியில் மறுபடியும் என்னை இறக்கினார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். குழாய் மூடியில் யாரும் கை வைக்க ருவன் விடவில்லை. இந்த முறை வளைகோடுகள் பிரிந்து நின்றன. கீழ் அடுக்குகளில் குளம் நன்றாகத்தான் இருந்தது. மேல் அடுக்குகளுக்கு வர வரத் தண்ணீர் கெட்டிருந்தது. முடிவை வாய்மொழியாகச் சொன்னதுமே அந்தக் குளத்தில் குடிதண்ணீர் எடுக்கும் யோசனையைக் கைவிட்டார்கள்.

ரிப்போர்ட் அச்சாகி வந்தது. மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் ருவனின் பெயர்.

"உங்கட பெயரைக் கண்டால் தேவையில்லாத கேள்வி வரும், பிள்ளை," என்றார் சேர்.

"கேட்கட்டும். பதில் என்னட்ட இருக்கு. நான் எடுத்ததை நான் எடுத்ததெண்டு போடுங்கோ. அதுவரைக்கும் ஒரு ரிப்போர்ட்டிலயும் சைன் வைக்க மாட்டன்."

ஒன்பது நாள் ரிப்போர்ட்டுகள் மேசையில் கிடந்தன. பத்தாம் நாள் முதல் பக்கத்தை என் பெயரோடு திரும்ப அச்சடித்தார்கள்.

இப்போது லாபுகளில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எடுத்தவர் பெயர், எடுத்த இடம், ஆழம் மூன்றும் உண்மையென்று தெரியாமல் எந்தப் பையையும் மெஷினுக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். அந்தப் பெயரை மாற்றச் சொல்பவர், நாளைக்கு ஆழத்தையும் மாற்றச் சொல்வார்.